காலியாக விட்ட கட்டம் சம்மதம் ஆகுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரயிலில் ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்தவருக்குக் கூடுதல் காசு வாங்காமல் ஏசி பெட்டியில் இடம் கிடைத்துவிட்டால், கேட்கிறவர்கள் எல்லாரும் "கொடுத்து வைத்தவர்" என்கிறார்கள். போன மாதம் எனக்கும் என் மனைவிக்கும் அப்படி ஒரு இடம் கிடைத்தது. அந்த ஒரு இரவு அவள் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு 71 வயது. முப்பத்தோரு வருடம் பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவிக்கு 66. அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்து போயிருக்கிறது. நாலு படி ஏற வேண்டுமானால் ஒரு கை கம்பியில், இன்னொரு கை என் தோளில். கண் சிகிச்சைக்காகத் திருநெல்வேலியில் இருந்து சென்னைக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போய் வருகிறோம். எப்போதும் இரவு ரயில்தான், ஸ்லீப்பர்தான். பணத்தை மிச்சம் பிடிக்க அப்படிப் போகிறோம் என்று நினைக்க வேண்டாம். ஏசியில் போங்கள் என்று மகன் எத்தனையோ தடவை சொல்லிவிட்டான். அவளுக்கு வீசிங் உண்டு. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் குளிர்காற்று பட்டால் நடுராத்திரியில் இருமல் பிடித்துக்கொள்ளும். ஸ்லீப்பரில் ஜன்னலைக் கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, தனக்கு எது தோதோ அப்படி வைத்துக்கொள்வாள்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும் என்பதால் இரண்டாம் நாளே ஸ்டேஷன் கவுண்டருக்குப் போய்விட்டேன். எஸ்5 பெட்டியில் 33, 36 கிடைத்தது. பெர்த் எண்ணை எட்டால் வகுத்து மீதி 1 அல்லது 4 வந்தால் அது கீழ் பெர்த். ஸ்லீப்பருக்கும் தேர்ட் ஏசிக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். எதிரெதிராக இரண்டு கீழ் பெர்த். இரவில் அவள் எழுந்தால் எனக்குத் தெரியும். பிரஷர் மாத்திரை சாப்பிடுவதால் இரண்டு மூன்று தடவை பாத்ரூம் போக வேண்டியிருக்கும். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "அப்பாடா, இனி கவலை இல்லை" என்றாள்.

பயண நாளன்று சார்ட் தயாரானதும் போனுக்கு மெசேஜ் வந்தது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன்தான் படித்துச் சொன்னான். "தாத்தா, உங்களுக்கு தேர்ட் ஏசி கிடைச்சிருக்கு, ஃப்ரீயா!" அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கும் அந்த நிமிஷம் சந்தோஷம்தான். அப்புறம் எண்களைக் கேட்டேன். பி2 பெட்டி, 26, 32. இருபத்தாறை எட்டால் வகுத்தால் மீதி இரண்டு, அதாவது மிடில் பெர்த். முப்பத்திரண்டு சைடு அப்பர். சொன்னதும் மனைவி ஒன்றும் பேசவில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ரயில் ஏறியதும் டி.டி.ஆரிடம் சொன்னேன். தன்மையான மனிதர். பட்டியலை இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "சார், உங்க பழைய பெர்த் ரெண்டும் வெயிட்டிங் லிஸ்ட்ல இருந்தவங்களுக்குப் போயிடுச்சு. இங்கயும் எல்லாம் ஃபுல். யாராவது மாத்திக் கொடுத்தா எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். கோவில்பட்டியில் வண்டி நின்றபோது இறங்கி நடந்து எஸ்5-க்குப் போய்ப் பார்த்தேன். 33-இல் ஒரு பெண், மடியில் கைக்குழந்தை. 36-இல் அவளுடைய அம்மா. கடைசி நேரத்தில் இடம் உறுதியான நிம்மதி இருவர் முகத்திலும் தெரிந்தது. வாயைத் திறக்காமல் திரும்பி வந்துவிட்டேன்.

பி2-வில் எங்கள் வரிசையின் கீழ் பெர்த் இரண்டும் மதுரை வரை காலியாக இருந்ததால் அதுவரை அவள் படுத்திருந்தாள். மதுரையில் ஏறியவர்கள் எங்களைவிட மூத்த தம்பதி. அந்தப் பெரியவர் கையில் ஊன்றுகோல். நான் சொல்வதற்கு முன்பே இவள் எழுந்துவிட்டாள். "அவங்க எடுத்த இடம்தானே" என்றாள். சைடு லோயரில் ஒரு அம்மா, இரண்டு வயதுப் பிள்ளையோடு. என் மனைவி மிடில் பெர்த்தில் ஏற இரண்டு முறை முயன்றாள். காலை மடக்கி அந்தச் சின்னப் படியில் வைக்கும்போதே வலியில் கண்ணில் நீர் வந்துவிட்டது. விட்டுவிடு என்றேன்.

கடைசியில் மிடில் பெர்த்தை விரிக்கவே இல்லை. கீழே படுத்திருந்த அந்த மூதாட்டி காலைச் சுருக்கிக்கொண்டு ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டார். விடியும் வரை அந்த ஓரத்தில் கால்களைத் தொங்கப் போட்டு, கொடுத்த கம்பளியைத் தோளில் சுற்றிக்கொண்டு, இருமலை மற்றவர்களுக்காக அடக்கிக்கொண்டு இவள் உட்கார்ந்திருந்தாள். நானும் மேலே ஏறவில்லை. துணிப்பையைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன். காலையில் இறங்கும்போது அவள் கணுக்கால் இரண்டும் செருப்புக்குள் போகாத அளவுக்கு வீங்கியிருந்தது. அன்று கண்ணில் ஊசி போட வேண்டியது, ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மறுநாளுக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

மகனிடம் சொன்னபோது, "அப்பா, சும்மா கிடைச்சதைப் போய்க் குறை சொல்லலாமா?" என்றான். இந்தக் கேள்விதான் என்னை உறுத்துகிறது. காசு கொடுத்து வாங்கிய ஒன்றில் குறை இருந்தால் கேட்கிறோம். இலவசமாக வந்ததால், நான் காசு கொடுத்து வாங்கிய இரண்டு கீழ் பெர்த் போனதைக்கூட வெளியே சொல்ல முடியவில்லை.

ரயிலில் இந்த இலவச வகுப்பு உயர்வுத் திட்டம் வந்தது 2006-இல். மேல் வகுப்பில் விற்காமல் கிடக்கும் பெர்த்துகளுக்குக் கீழ் வகுப்பில் இருப்பவர்களை மாற்றிவிட்டு, அங்கே காலியாகும் இடத்தை வெயிட்டிங் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நல்ல யோசனைதான், மறுக்கவில்லை. அந்தக் கைக்குழந்தைக்காரப் பெண் இதனால்தான் அன்று ஊர் போய்ச் சேர்ந்தாள். என் வருத்தமெல்லாம் மாற்றப்படுகிறவரைக் கேட்கிற முறையைப் பற்றித்தான்.

முன்பதிவுப் பாரத்தில் கூடுதல் கட்டணம் இல்லாமல் மேல் வகுப்புக்கு மாற விருப்பமா என்று ஒரு கேள்வி இருக்கிறது. எதுவும் எழுதாமல் விட்டால், முழுக் கட்டணம் செலுத்தியவர்கள் தாமாகவே மாற்றப்படலாம் என்றும் அங்கேயே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். பெயர், வயது, ரயில் எண், தேதி, கீழ் பெர்த் எல்லாவற்றையும் கவனமாக எழுதிய நான் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன்: மேலேயே 'கீழ் பெர்த்' என்று என் கையால் எழுதியிருக்கிறேன். 71, 66 என்று வயதும் இருக்கிறது. எழுதிக் கேட்டதை விட்டுவிட்டு, எழுதாமல் விட்டதை என் விருப்பமாக எடுத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்?

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 2020 மார்ச் வரை மூத்த குடிமக்களுக்குக் கட்டணச் சலுகை இருந்தது. 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதான பெண்களுக்கு 50 சதவீதம். சலுகைக் கட்டணத்தில் போகிறவர்களை இந்தத் திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் அப்போதெல்லாம் எங்கள் கீழ் பெர்த் எங்களிடமே இருந்தது. சலுகை நின்றதும் நாங்களும் முழுக் கட்டணக்காரர்கள் ஆகிவிட்டோம், மாற்றப்படுகிறவர்களின் பட்டியலுக்குள்ளும் வந்துவிட்டோம். ஒருபக்கம் 60 வயது ஆண்களுக்கும் 45 வயது பெண்களுக்கும் என்று ஒவ்வொரு பெட்டியிலும் கீழ் பெர்த்துகளைத் தனியாக ஒதுக்கி வைக்கிறார்கள். மறுபக்கம், அப்படிக் கிடைத்தவர்களையே கீழ் பெர்த்துக்கு உத்தரவாதம் இல்லாத வேறு பெட்டிக்கு மாற்றுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு மனசு ஆறவில்லை.

முதியவர்களுக்கு மட்டும்தான் இந்தச் சிரமம் என்றும் இல்லை. ஒரு டிக்கெட்டில் ஆறு பேருக்கு மேல் எடுக்க முடியாது. மாற்றினால் அந்த டிக்கெட்டில் உள்ள எல்லாரையும் சேர்த்து மாற்றுவார்கள், இல்லாவிட்டால் யாரையும் மாற்ற மாட்டார்கள். ஒரு டிக்கெட்டில் போகிற குடும்பம் பிரியாது என்பது நல்ல விதி. இரண்டு டிக்கெட்டில் போகிற குடும்பம்? என் தங்கை வீட்டில் ஒன்பது பேர் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். ஒரு டிக்கெட்டு ஏசிக்கு மாறியது, மற்றது ஸ்லீப்பரிலேயே நின்றது. மச்சானுடைய இன்சுலின் இருந்த பை ஒரு பெட்டியில், அவர் ஒரு பெட்டியில். நடுவில் அடைத்த கதவுகள். அடுத்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும் வரை அவர் சாப்பிடாமல் காத்திருந்தார்.

என் வேலையில் நான் பார்த்ததையும் சொல்கிறேன். பஸ்ஸில் முன்சீட்டுத்தான் நல்ல சீட்டு என்று எல்லாரும் நினைப்பார்கள். பழைய வண்டிகளில் இன்ஜின் சூடு அங்கேதான் அடிக்கும். பின்சீட்டில் காற்று வரும், ஆனால் தூக்கிப் போடும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் பின்னால் கேட்பார்கள், இடுப்பு வலிக்காரர்கள் நடுவில் கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வயதான ஒருவரை நல்லது செய்கிறோம் என்று முன்சீட்டுக்கு மாற்றி உட்கார வைத்தேன். அரைமணி நேரத்தில் அவர் சூடு தாங்காமல் வாந்தி எடுத்துவிட்டார். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, "ஆச்சி, எங்க உக்காருதீக?" என்று கேட்காமல் யாரையும் நான் இடம் மாற்றியதில்லை.

ரயில்வேயிடம் நான் வேண்டுவது பெரிய செலவு பிடிக்கிற காரியம் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளட்டும், விரும்புகிறவர்கள் 'ஆம்' என்று எழுதட்டும். வயதுக்காகக் கீழ் பெர்த் பெற்றவர்களை, மாறிப் போகும் பெட்டியிலும் கீழ் பெர்த் இருந்தால் மட்டும் மாற்றட்டும். கவுண்டரில் இருப்பவர் டிக்கெட்டை அச்சடிக்கும் முன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டால் இன்னும் நல்லது. எத்தனையோ பேருக்கு அந்தச் சின்ன எழுத்து கண்ணுக்கே தெரியாது. கண் சிகிச்சைக்குப் போகிற எங்களைப் போன்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

படிக்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் போனில் டிக்கெட் போடும்போது 'ஆட்டோ அப்கிரேடு' என்ற கட்டம் வரும். அதைத் தொடும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்த மாதம் மனைவிக்கு மறுபரிசோதனை. நேற்று கவுண்டரில் பாரத்தை வாங்கியதும் முதலில் அந்தக் கட்டத்தைத் தேடி 'வேண்டாம்' என்று பெரிதாக எழுதினேன். அதற்கப்புறம்தான் எங்கள் பெயரை எழுதினேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர்,
திருநெல்வேலி.