மூன்று ஸ்ட்ரைக்அவுட் தெரிந்தது, மூன்று ரன் தெரியவில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் நடந்த கல்லூரி அணிகளின் பேஸ்பால் போட்டி பற்றிப் போன வாரம் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கட்டுரை வந்தது. எங்கள் ஆட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் வந்த ஒரு வரியை விழுங்க முடியவில்லை. "ஸ்ட்ரைக்அவுட் ஆவதைக் குறைத்துக்கொள்ளாத வரை இதுபோன்ற அதிரடி பேட்டர்கள் அணிக்குச் சுமைதான்" என்று நாலாவதாக ஆடிய பையனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அந்தப் பையன் ஐந்து முறை ஆட வந்தான். மூன்று முறை ஸ்ட்ரைக்அவுட், அதாவது மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட்; அடிக்கப் போய்த் தவறவிட்டாலும், அடிக்க வேண்டிய இடத்தில் வந்த பந்தை விட்டாலும் ஒரு ஸ்ட்ரைக். ஒரு முறை நாலு 'பால்', அதாவது அடிக்கும் எல்லைக்கு வெளியே வந்த நாலு பந்தைப் பொறுத்து, ஃபர்ஸ்ட் பேஸ் போனான்; இதற்கு 'வாக்' என்று பெயர். மிச்சம் ஒரு முறை, இரண்டு பேர் பேஸில் நிற்கும்போது, இடுப்பு உயரத்தில் உள்ளே வந்த பந்தை லெஃப்ட் ஃபீல்டு எல்லைக் கொடிக்கு அந்தப் பக்கம் போட்டான், ஹோம் ரன். மூன்று ரன். அந்த அணி ஜெயித்தது ஒரே ஒரு ரன் வித்தியாசத்தில். இத்தனையும் ஸ்கோர்ஷீட்டில் இருக்கிறது. கட்டுரையில் இருப்பது ஸ்ட்ரைக்அவுட் மட்டும்.

கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இப்படித்தான் தெரியும் என்பது புரிகிறது. கிரிக்கெட்டில் அவுட் ஆனவன் அந்த இன்னிங்ஸில் திரும்ப வரமாட்டான். அதனால் விக்கெட்டைக் காப்பாற்றுவதே பாதி ஆட்டம். பேஸ்பாலில் ஒரு அணிக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆக 27 அவுட். ஒன்பது பேரும் வரிசை மாறாமல் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் நாலைந்து வாய்ப்பு. ஸ்ட்ரைக்அவுட் என்பது அந்த 27-ல் ஒன்று, அவ்வளவுதான். பந்தை உயர அடித்து கேட்ச் கொடுத்தாலும் ஒன்று, ஷார்ட்ஸ்டாப் என்ற ஃபீல்டர் கைக்கு உருட்டிவிட்டாலும் ஒன்று.

உருட்டிவிடுவதில் இன்னொரு ஆபத்து உண்டு. ஃபர்ஸ்ட் பேஸில் ஆள் நிற்கும்போது கிரவுண்டர் நேராக ஃபீல்டரிடம் போனால் டபுள் பிளே, ஒரே அடியில் இரண்டு அவுட். அமெரிக்காவின் மேஜர் லீக்கில் 1984-ல் ஜிம் ரைஸ் 36 முறை இப்படி மாட்டினார். ஒரே சீசனில் அதுதான் இன்றுவரை அதிகம். ஆல்பர்ட் பூஹோல்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 703 ஹோம் ரன் அடித்தவர், ஸ்ட்ரைக்அவுட் ஆவதே அபூர்வம். 2006-ல் 49 ஹோம் ரன், 50 ஸ்ட்ரைக்அவுட். மேஜர் லீக் வரலாற்றிலேயே அதிகமுறை டபுள் பிளேயில் மாட்டியவரும் அவர்தான், 400-க்கும் மேல். பந்து மட்டையில் பட்டுவிட்டால் நல்லதே நடக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பழைய கணக்கைப் பாருங்கள். பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்தார், 1,330 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார். ரெஜி ஜாக்சன் 563 ஹோம் ரன், 2,597 ஸ்ட்ரைக்அவுட். ஸ்ட்ரைக்அவுட்டில் அவரை மிஞ்ச இதுவரை ஆளில்லை. ஆரன் ஜட்ஜ் 2017-ல் 52 ஹோம் ரன், 208 ஸ்ட்ரைக்அவுட். இவர்களைச் சுமை என்று எந்த அணியும் இறக்கிவைக்கவில்லை. ஏன் என்பதும் கணக்கில்தான் இருக்கிறது. ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் மற்ற வகை அவுட்டுக்கும் உள்ள வித்தியாசம், எல்லா நிலைமைகளையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், ஒரு ரன்னில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். ஒரு ஹோம் ரன்னின் மதிப்போ சுமார் 1.4 ரன். நூறு ஸ்ட்ரைக்அவுட்டை நூறு கேட்சாக மாற்றி மிச்சம் பிடிப்பது ஒன்றிரண்டு ரன். அதற்காக மட்டை வீச்சைச் சுருக்கி இரண்டு ஹோம் ரன் குறைந்தால் மிச்சம் பிடித்ததும் போச்சு, முதலும் போச்சு.

பட்ட பந்தெல்லாம் அவுட் ஆகாதே, மேஜர் லீக்கில் களத்துக்குள் விழுவதில் பத்துக்கு மூன்று ஹிட் ஆகி, அடித்தவன் பேஸ் சேர்ந்துவிடுகிறானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பத்துக்கு மூன்று, வேகமாகப் போகிற பந்தையும் சேர்த்த சராசரி. பயந்து தட்டிவிட்ட பந்து அந்தக் கணக்கில் தேறாது.

இதற்கும் எல்லை உண்டு, அதையும் மறைக்கவில்லை. மார்க் ரெனால்ட்ஸ் 2009-ல் 223 முறை ஸ்ட்ரைக்அவுட் ஆனார், ஒரு சீசனுக்கு அதுதான் சாதனை. 44 ஹோம் ரன் அதைத் தாங்கிப் பிடித்தது. அடுத்த வருடம் 211 ஸ்ட்ரைக்அவுட், ஹோம் ரன் 32-க்கு இறங்கியது, பேட்டிங் சராசரி .198, அதாவது நூறு வாய்ப்புக்கு இருபது ஹிட்கூட இல்லை. அப்போது தாங்கவில்லை. ஆக, குறைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எதைத் தொட்டுக் குறைப்பது என்பதில்தான் உங்கள் கட்டுரையோடு எனக்குச் சண்டை.

குறைக்க வேண்டியது மட்டை வீச்சின் வேகத்தை அல்ல, எத்தனை பந்துக்கு மட்டையை வீசுகிறான் என்ற எண்ணிக்கையை. 2004-ல் பேரி பாண்ட்ஸ் 45 ஹோம் ரன் அடித்தார், ஸ்ட்ரைக்அவுட் 41 மட்டுமே. அந்த வருடம் அவருக்கு 232 வாக். அதில் பாதிக்கு மேல் எதிரணி வேண்டுமென்றே கொடுத்தது என்றாலும், மிச்சமெல்லாம் தன் பந்து இல்லை என்று விட்டதால் வந்தது. ஜட்ஜும் அப்படித்தான் முன்னேறினார். 2024-ல் 58 ஹோம் ரன், 133 வாக், ஸ்ட்ரைக்அவுட் 171. சராசரி .322. வீச்சைச் சுருக்கியா இது வந்தது?

பிட்சர் மேட்டிலிருந்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கி.மீ. வேகப் பந்து சுமார் 0.4 விநாடியில் வந்துவிடும். நம் ஊர்க் கல்லூரிப் பிட்சர் 110, 120 போட்டாலும் அரை விநாடிதான். அதில் பாதிக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவாக வேண்டும். அந்த முடிவைத்தான் பழக்க வேண்டும். பேட்டரை மட்டையோடு பிளேட்டில் நிறுத்தி, வீசாமல், பந்து கேட்சர் கையுறையில் விழுவதற்கு முன்னே 'ஸ்ட்ரைக்', 'பால்' என்று வாய்விட்டுச் சொல்ல வைக்க வேண்டும். கேட்சர் சரிபார்ப்பார். தினமும் முப்பது பந்து போதும். அப்புறம் டீ, பந்தை மேலே வைத்து அடித்துப் பழகும் கம்பம். உள்ளே வரும் பந்துக்கு டீயைப் பிளேட்டுக்கு முன்னால் வைக்க வேண்டும், வெளிப்பந்துக்குப் பின்னால் தள்ளி. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து அடித்துப் பழகியவன் வெளிப்பந்தையும் முன்னாலேயே போய் அடிக்கப் பார்ப்பான். மட்டை நுனிகூட எட்டாது.

இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு கொஞ்சம் மாறலாம். கால்களைச் சற்று அகட்டி, முன் காலை எடுத்து வைக்கும் தூரத்தைக் குறைத்து, கைப்பிடியை ஒரு அங்குலம் மேலே ஏற்ற வேண்டும். வேகப் பந்துக்குத் தயாராக இருந்துகொண்டு, மெதுவான பந்து வந்தால் காத்திருக்க வேண்டும். தேர்டு பேஸில் ஆள் நிற்கிறான், இரண்டு அவுட் இன்னும் ஆகவில்லை என்றால், அங்கே ஸ்ட்ரைக்அவுட் உண்மையிலேயே வலிக்கும், ஏனென்றால் ஒரு உயரமான கேட்சே ஒரு ரன் தரும். அங்கே அவன் சுருக்கட்டும், மறுக்கவில்லை. முதல் பந்திலிருந்தே, ஆளில்லாத பேஸுக்கும் சேர்த்துச் சுருக்கு என்பதுதான் தப்பு. மைதானத்து ஓரத்தில் நின்று "சும்மா தொட்டு உட்டாப் போதுங் கண்ணு" என்று கத்துகிறவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர். இனி உங்கள் கட்டுரையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கத்துவார்கள்.

நம் மைதானங்களில் பந்து மட்டையில் படுவதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்பது உண்மை. ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி எங்கே போனாலும் இன்ஃபீல்டில் சரளைக்கல். உருளும் பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று ஃபீல்டருக்கே தெரியாது. ஃபர்ஸ்ட் பேஸுக்கு எறிவதும் பாதி தலைக்கு மேல். ஆகவே எட்டாவது, ஒன்பதாவது ஆடும் பையன்கள் தட்டிவிட்டு ஓடட்டும். அதே காரணத்தால் ஸ்ட்ரைக்அவுட்டும் நம் ஊரில் முழு அவுட் இல்லை. மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காமல் விட்டால், ஃபர்ஸ்ட் பேஸ் காலியாக இருந்தாலோ, ஏற்கெனவே இரண்டு அவுட் ஆகியிருந்தாலோ, பேட்டர் ஓடலாம். பையன்கள் ஓடாமல் தலையைத் தொங்கப்போட்டுத் திரும்புகிறார்கள். திட்ட வேண்டுமானால் அதற்குத் திட்டியிருக்கலாம்.

மட்டையைப் பற்றி ஒரு சொல்லும் உங்கள் கட்டுரையில் இல்லை. இந்தப் பையன்கள் ஆடப் பழகும் பள்ளிகளில் பள்ளிக்கு ஒரு மட்டை, அதுவும் பெரும்பாலும் 33 அங்குலம், 30 அவுன்ஸ். எட்டாம் வகுப்புப் பையனும் அதே, பன்னிரண்டாம் வகுப்பும் அதே. சின்னப் பையன் வீசத் தொடங்கும்போதே பந்து தாண்டிப் போயிருக்கும். மட்டையை ஒற்றைக் கையில் பக்கவாட்டில் நீட்டி அரை நிமிடம் நுனி சாயாமல் பிடிக்க முடியாவிட்டால் அது அவனுக்கான மட்டை இல்லை. 30 அங்குல மட்டை ஒன்று கூடுதலாக வாங்கினாலே பாதி ஸ்ட்ரைக்அவுட் தானாக நிற்கும். இதை எழுதினால் பள்ளி நிர்வாகங்கள் படிக்கும். நீங்கள் பையனைத்தான் எழுதுகிறீர்கள்.

மனத்தாங்கலைச் சொல்லத் தொடங்கினால் இது மட்டுமில்லை. பேஸ்பால் செய்திக்கு சாஃப்ட்பால் படம் போட்டீர்கள். பிட்சர் கை கீழிருந்து சுழன்று வருவது படத்திலேயே தெரிந்தது. பிட்சரை 'பவுலர்' என்று எழுதுவது இன்னும் நிற்கவில்லை. பரிசு வழங்கிய பிரமுகர்கள் ஆறு பேரின் பெயர் வரும், வெற்றி பெற்ற பிட்சரின் பெயர் வராது. பெண்கள் பிரிவு என்று ஒன்று நடந்ததே வாசகர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் இடம் போதவில்லை என்பதே பதில். இடம் போதாமல் விட்டதைப் பொறுத்துக்கொண்டோம். கிடைத்த இடத்தில் பத்தொன்பது வயதுப் பையனைச் சுமை என்று எழுதியதைப் பொறுக்க முடியவில்லை. அவன் வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை பேஸ்பால் செய்தி போடும்போது, ஒவ்வொரு அணிக்கும் ரன், ஹிட், எரர் (ஃபீல்டிங் தவறு) என மூன்று எண். பேட்டரைக் குறை சொல்வதாக இருந்தால் அவர் ஆட வந்த முறை, ஹிட், வாக், ஸ்ட்ரைக்அவுட், டபுள் பிளே என ஐந்து எண். இரண்டு வரிக்கு மேல் ஆகாது. ஆட்டம் முடிந்ததும் ஸ்கோர்ஷீட் ஸ்கோரரிடமே இருக்கும். உங்கள் நிருபர் கேட்டால் அங்கேயே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பேஸ்பால் பயிற்சியாளர் ஒருவர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.