சிறுவர் பகுதியில் இருந்த ரீச்சருக்கு

யாழ்ப்பாணப் பொது நூலகத்துச் சிறுவர் பகுதியில் என்ர பெறாமகனுக்குப் பக்கத்தில வந்து இருந்த அம்மா, உங்கட பேர் தெரியாது. ஓய்வுபெற்ற ரீச்சராய்த்தான் இருக்கவேணும்.

ஏடு தொடக்கி வருசம் கடந்தும் பிள்ளை 'அ'வோடயே நிண்டான். அரிச்சுவடி அதில தொடங்குது எண்டு கையும் அதிலயே தொடங்கவேணுமோ? சுழி, வளைவு, கோடு எல்லாம் ஒரே எழுத்தில வந்தால் பிஞ்சு விரல் தடுமாறும்தானே. ஒருதரும் கேளாமலே கொப்பியைத் திருப்பி, வெறும் கோட்டால வாற 'ட', 'ப' ரெண்டையும் எழுதிக் காட்டினியள். பிறகு 'ம'. உடனேயே 'படம்', 'பட்டம்' எண்டு சொல்லாய் வாசிக்க வைச்சியள்.

'கெ'யை அவன் 'எக' எண்டு வாசிக்க நீங்கள் சிரிக்கேல்லை. கொம்பு முன்னுக்கு நிண்டாலும் அதின்ர சத்தம் பின்னுக்குத்தான். அதால கொம்பை விரலால மூடி, முதல் 'க' சொல்லுவிச்சு, பிறகு விரலை எடுத்தியள். கு, சு, து மூண்டுக்கும் உகரக் குறி ஒரே மாதிரி இல்லை. 216 உயிர்மெய்யையும் அட்டவணையாய்ப் பாடமாக்காமல் அந்த வரிசையைத் தனியாய்ப் பழக்கச் சொன்னியள்: குடை, சுளகு, துலா.

இப்ப கடைப் பலகையெல்லாம் வாசிக்கிறான். 'ழ'வும் 'ள'வும்தான் இன்னும் இழுபறி. நேரம் இருந்தால் திரும்ப வாங்கோ ரீச்சர். பெரிய நன்றி.