தூண்டிற்கோலைச் செய்தவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பழைய தூண்டிற்கோலின் பிடியில் உள்ள பெயரை மட்டும் பார்த்து, செய்தவர் இன்னார் என்று முடிவுகட்டுவது கவலையளிக்கிறது. பிறர் செய்த கோல்களில் தம் பெயரைப் பொறித்து விற்ற கடைகள் அக்காலத்தில் பல இருந்ததால், துண்டுகளை இணைக்கும் உலோகப் பூணின் வடிவம், வளையங்களைக் கட்டிய பட்டுநூலின் நிறம், ஒட்டப்பட்ட மூங்கில் கீற்றுகளின் எண்ணிக்கை ஆகிய அனைத்தையும் சேர்த்தே ஆராய வேண்டும். 1872இல் இங்கிலாந்தின் ஆனிக் நகரில் தொடங்கப்பெற்ற ஹார்டி நிறுவனத்தின் மூங்கில் கோல்களுக்கு ‘பாலகோனா’ என்ற வணிகப்பெயரும் உண்டு; அவற்றின் வரிசை எண் தயாரிப்புக் காலத்தைக் கணிக்க உதவும். பழைய வார்னிஷைச் சுரண்டி மெருகேற்றுவோர், அதன் அடியில் மங்கிக் கிடக்கும் மை எழுத்தையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். அடையாளம் உறுதியாகும்வரை அதில் கைவைக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்