தம்பிக்கு, தேவகோட்டையிலிருந்து

உ
சிவமயம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பச்சி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். ஆத்தாளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, புதிதாக ஒன்றும் இல்லை. போன் போட்டால் மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதல்லவா, அதனால்தான் எழுதுகிறேன்.

ஹெல்மெட் போடுகிறாயா? தலை வேர்க்கிறது என்று கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டிவிடுகிற பழக்கம் உனக்கு உண்டு. திருநெல்வேலி வெயிலுக்கு அப்படித்தான் தோன்றும். போட்டுக்கொள்.

மேலவீட்டுப் பெரியப்பச்சி வந்திருந்தார். உன் மகன் என்ன வேலை பார்க்கிறான் என்றார். ஊர்ப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறான் என்றேன். என்ன பயிற்சி? பேசிக்கொள்ளாத தெருக்களை ஒன்றாக உட்காரவைக்க என்ன நிகழ்ச்சி போடலாம், அதை எப்படித் திட்டம் போட்டு நடத்தலாம் என்று சொல்லிக்கொடுக்கிறான் என்றேன். "அதற்கெல்லாம் சம்பளமா?" என்றார். அந்த மாதிரி ஓர் ஆள் நம் வீட்டுக்கு இருந்திருந்தால் இத்தனை வருஷ வக்கீல் பீஸ் மிச்சமாகியிருக்குமே என்றேன். காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

இப்படி உனக்காகப் பேசுகிறேனே தவிர, பேங்க் வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னாய். அது எனக்கு மறக்கவில்லை. நாங்குநேரியில் கூடப் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து ஒரு பிள்ளையை வெட்டியது 2023 ஆகஸ்டில். அந்த வருஷம் முடிவதற்குள் நீ ஊரை விட்டுப் போயாயிற்று. பள்ளிக்கூடங்களில் சாதிச் சண்டையைத் தடுக்க வழி சொல்லச் சொல்லி அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்ததும் எனக்கு முதலில் அனுப்பினவன் நீதான். சாதிக்கு ஒரு நிறமாகப் பிள்ளைகள் கையில் கயிறு கட்டுவதைப் பள்ளிக்கூடத்தில் தடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. வாத்தியார் அவிழ்த்துவிடுவார், சாயங்காலம் தெருவில் மறுபடி கட்டிவிடுவார்களே என்று நான் கேட்டதற்கு, அதற்குத்தான் தெருவிலேயே நமக்கு ஆள் வேண்டும் என்றாய். சரிதான். அந்த ஆளைத் தயார் செய்ய என் பிள்ளைதான் போக வேண்டுமா என்று ஆத்தா கேட்கிறாள். நான் கேட்கவில்லை.

நீ அனுப்பிய பயிற்சிக் குறிப்பில், அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் 1946 கோடையில் நடந்த முகாமைப் பற்றிய பகுதி எனக்குப் பிடித்தது. இன வெறுப்பைக் குறைக்கப் பழகுவதற்காக ஆசிரியர்களும் சமூகப் பணியாளர்களும் வந்திருக்கிறார்கள். பகலில் நடந்ததை, முகாமை நடத்திய கர்ட் லெவின் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய ஆட்களும் ராத்திரி தனியாக உட்கார்ந்து அலசுகிறார்கள். நாங்களும் கேட்கிறோமே என்று பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் போய் உட்கார்ந்தார்களாம். இந்த அம்மா காலையில் இப்படி நடந்துகொண்டார் என்று ஒருவர் சொல்ல, அந்த அம்மாவே அப்படி இல்லை என்று மறுக்க, அந்த ராத்திரிப் பேச்சுதான் பெரிய பாடமாகிவிட்டது. நம் பக்கத்துப் பயிற்சிகளில் பெரியவர்கள் சாப்பாட்டுக்கே தனி அறைக்குப் போய்விடுகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. லெவின் நாஜிகள் வந்ததும் ஜெர்மனியை விட்டுவந்த யூதர் என்றும், அடுத்த பிப்ரவரியிலேயே மாரடைப்பில் இறந்துவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். 56 வயதுதானாம். நீ ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறாய்?

குறிப்பில் எனக்கு ஒத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. முதல் வாரமே ஊர்க்கூட்டம் என்று போட்டிருக்கிறாய். கூட்டம் கூட்டுவது கடைசி வேலை. நம் பக்கத்துக் கண்டதேவி கோவிலில் தேர் வடம் பிடிக்கிற உரிமை எந்தச் சாதிக்கு என்ற தகராறு கோர்ட்டுக்குப் போய், தேர் வருஷக்கணக்கில் நிலையிலேயே நின்றதை நீ பார்த்து வளர்ந்தவன். 2024 ஜூனில் ஓடியது, சந்தோஷம். எத்தனை போலீஸ் நின்றது என்பதும் உனக்குத் தெரியும். இந்த மாதிரி விஷயத்துக்குப் போடுகிற அமைதிக் கூட்டம் எப்படி இருக்கும்? இந்தப் பக்கம் ஒரு தரப்பு, அந்தப் பக்கம் ஒரு தரப்பு, நடுவில் அதிகாரி. டீ, பிஸ்கட், கையெழுத்து. வெளியே வந்தால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பதில்லை.

நம் பொது வீட்டில் இரண்டாம் கட்டு ஓடு மாற்றப் பங்காளிகளைச் சம்மதிக்கவைத்தது கணக்குப்பிள்ளைதானே? ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போனார். யார் எந்த நேரம் நல்ல முகமாக இருப்பார் என்று அவருக்குத் தெரியும். இங்கே கேட்டதை அங்கே போய்ச் சொல்லவே மாட்டார். எல்லோரும் சரி என்ற பிறகுதான் முகப்பில் பாய் விரித்தார். உன் பணியாளர்களுக்கு இதைப் பழக்கு. அவர்களுக்கும் ஒரு தெரு உண்டு, சாதி உண்டு, அதை மறைக்க முடியாது. அதனால் இரண்டு தெருவிலிருந்து இரண்டு பேரைச் சேர்த்தே வீடு வீடாக அனுப்பு. கூட்டத்தைக் கோவில் வாசலில் வைக்காதே, ஒரு தெரு வராது. பள்ளிக்கூடம் தேவலை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு வை. 'ஒற்றுமை' என்று பேனர் கட்டாதே. கண்மாய் மடை ரிப்பேர், தெருவிளக்கு, இப்படி இரண்டு பக்கமும் அலைந்துகொண்டிருக்கிற ஏதாவது ஒன்றைக் கையில் எடு.

கணக்குப்பிள்ளைக்குக் கடைசியில் என்ன கிடைத்தது? இரண்டு பக்கமும் ஏச்சு. எதிராளி காசு கொடுத்தான் என்றார்கள். நடுவில் போகிறவன் மேல்தான் முதலில் கை நீளும். இதை உன் குறிப்பில் எங்கேயும் காணோம். பணியாளர்களை அனுப்புகிறாயே, அடிதடி வந்தால் யாருக்குப் போன் செய்வது, எந்த வழியாக வெளியே வருவது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாயா? சொல்லிக்கொடுக்கிறவனுக்கு அது தெரியுமா?

அன்றைக்கு வீடியோவில் பேசும்போது முகத்தை ஒரு பக்கமாகவே வைத்திருந்தாய். அந்த ரூமில் வெளிச்சம் சரியில்லை என்று ஆத்தாளிடம் சொன்னேன். ஆமாம் என்றாள். ராத்திரி அவள் சாப்பிடவில்லை. நல்ல பல்பு ஒன்று வாங்கிப் போடு. அப்புறம், பொதுவாகச் சொல்கிறேன், காயம் பட்டால் உடனே போய் டிடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், தையல் போட்ட இடத்தில் தண்ணீர் படக்கூடாது. ராத்திரி அந்த ஊர்களில் தங்காதே; எந்தத் தெருவில் தங்கினாய் என்பதே ஒரு பேச்சாகிவிடும். கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடு. வண்டி வேண்டாம். வண்டிதான் என்றால் ஹெல்மெட்.

ஆத்தா சீப்புச் சீடையும் மாவுருண்டையும் பார்சல் போட்டிருக்கிறாள். உன்னோடு இருக்கிறவர்களுக்கும் கொடு.

மூன்றாம் கட்டு ஓடு இந்த மழைக்குத் தாங்காது. பங்காளிகள் எல்லோரும் சம்மதித்துவிட்டார்கள், மேலவீடு உட்பட. உன் கையெழுத்தும் வேண்டும். தபாலில் வாங்கிக்கொள்ளலாமே என்று பெரியப்பச்சி சொன்னார். முடியாது, அவன் நேரில் வந்துதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
அப்பச்சி