"ஒவ்வொரு வருஷமும்"ங்கற ஒரு வார்த்தைதான் பிரச்சனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல பட்ஜெட் பத்தி வந்த கட்டுரையை ரெண்டு தடவை படிச்சேன். ஒரு நாட்டோட வரவும் செலவும் ஒவ்வொரு வருஷமும் டேலி ஆகணும், அதை அரசியல் சாசனத்துலயே எழுதிடணும், அப்பதான் எந்த கட்சி வந்தாலும் இஷ்டத்துக்கு கடன் வாங்க முடியாதுன்னு எழுதியிருந்தாங்க. அந்த கவலை எனக்கும் உண்டு, முப்பது வருஷத்துக்கு மேல கணக்கு எழுதி தணிக்கை பண்ணியே பொழப்பு நடத்தினவன் நான், வட்டி எப்படி குட்டி போடும்னு நல்லாவே தெரியும். ஆனா அந்த "ஒவ்வொரு வருஷமும்"ங்கற வார்த்தையை மட்டும் என்னால ஏத்துக்க முடியல.

தொழில் படுத்துட்டா டாக்ஸ் வசூல் தானா குறையும், வேலை போனவங்களுக்கு குடுக்கற உதவித்தொகை தானா ஏறும், யாரும் ஒரு தப்பும் பண்ணாமலே பட்ஜெட்ல துண்டு விழும். அந்த நேரம் பார்த்து ஒரு ரூல் வந்து வரியை ஏத்து இல்ல செலவை வெட்டுன்னு கழுத்தைப் பிடிச்சா இருக்கற கொஞ்ச நஞ்ச வியாபாரமும் நின்னுடும். இதுக்கு பழைய உதாரணமே இருக்கு. 1937ல அமெரிக்கால பொருளாதாரம் இப்பதான் எந்திரிக்குதுன்னு இருந்தப்ப அதிபர் ரூஸ்வெல்ட் பட்ஜெட்டை சரிக்கட்டறேன்னு செலவைக் குறைச்சார், புதுசா வந்த சோஷியல் செக்யூரிட்டி (முதியோர் பென்ஷன்) வரியும் அதே வருஷம் பிடிக்க ஆரம்பிச்சாங்க, அவங்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வும் பாங்குகளை இறுக்கினாங்க, எல்லாம் சேர்ந்து வேலையில்லாதவங்க கணக்கு 14 சதவீதத்துல இருந்து 1938ல 19 சதவீதத்துக்குப் போயிடுச்சு. அவர் அந்த வருஷமே மனசை மாத்தி திரும்ப செலவு பண்ண பணம் கேட்டார், குடுத்தாங்க. சாசனத்துல தடை இருந்திருந்தா மனசை மாத்தி என்ன புண்ணியம்?

அமெரிக்காவோட மாநிலங்கள் எல்லாம் இப்படித்தானே நடத்துது, நாடு ஏன் நடத்தக் கூடாதுன்னு கட்டுரைல ஒரு கேள்வி. வெர்மான்ட் தவிர கிட்டத்தட்ட எல்லா மாநிலத்துலயும் அந்த ரூல் இருக்கறது உண்மைதான், ஆனா அது பெரும்பாலும் அன்றாட செலவுக்கு மட்டும்தான், ரோடு பள்ளிக்கூடம் கட்ட பாண்டு போட்டு கடன் வாங்கிக்கறாங்க. வருமானம் விழுந்தா கை குடுக்க மேல மத்திய அரசு இருக்கு, நாட்டுக்கு மேல யாரு இருக்கா? அதுவும் போக, ரூலை சமாளிக்க என்னென்ன பண்றாங்கன்னு பாருங்க. 2010ல அரிசோனா மாநிலம் தன்னோட சட்டசபை கட்டிடங்களையே மத்த அரசு கட்டிடங்களோட சேர்த்து 70 கோடி டாலருக்கு மேல வித்துட்டு, அதே கட்டிடத்துல குத்தகை கட்டிக்கிட்டு உக்காந்தாங்க. புத்தகத்துல அது வரவு. என் கண்ணுக்கு அது கடன்தான், பேரு மட்டும் வேற. தணிக்கைல இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கேன், வருஷக் கடைசில கணக்கு டேலி ஆகியே தீரணும்னு மேல இருந்து சொன்னா கீழ இருக்கறவங்க எப்படியாவது டேலி பண்ணிக் காட்டிடுவாங்க, அதுதான் எனக்கு பயமே.

ஜெர்மனி 2009ல சாசனத்துல கடன் பிரேக்னு ஒரு வரம்பு போட்டாங்க, மத்திய அரசு வருஷத்துக்கு புதுசா வாங்கற கடன் ஜிடிபில, அதாவது நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்புல, 0.35 சதவீதம்தான், அதுவும் மந்தத்துக்கு தனி கணக்கு உண்டு, அவசர காலத்துக்கு விலக்கும் உண்டு, அதனால கட்டுரைல சொன்னதை விட இது எவ்வளவோ தளர்வு. அப்படியும் கொரோனாவுக்குன்னு ஒதுக்கி செலவாகாம இருந்த 6000 கோடி யூரோ கடன் அனுமதியை பருவநிலை நிதிக்கு மாத்தினாங்க, 2023 நவம்பர்ல கோர்ட் அது செல்லாதுன்னு சொல்லிடுச்சு, அடுத்த வருஷம் பட்ஜெட் சண்டைலயே கூட்டணி உடைஞ்சுது. 2025 மார்ச்ல, தேர்தல் முடிஞ்ச பிறகு, புது சபைல மூணுல ரெண்டு பங்கு கிடைக்காதுன்னு பழைய சபையையே கூட்டி சாசனத்தைத் திருத்தினாங்க. ராணுவ செலவு ஜிடிபில 1 சதவீதத்தைத் தாண்டினா பிரேக் கிடையாது, கட்டுமானத்துக்கு தனியா 50,000 கோடி யூரோ. எவ்வளவு ஒழுங்கான நாடு, அவங்களுக்கே இந்த கதி.

அதுக்காக ரூலே வேண்டாம்னு நான் சொல்ல வரல. சுவிட்சர்லாந்துல 2001ல மக்கள்கிட்ட ஓட்டுக்கு விட்டாங்க, 85 சதவீதம் பேர் சரின்னாங்க, 2003ல இருந்து நடக்குது. அங்க நல்ல வருஷத்துல கொஞ்சம் மிச்சம் பிடிக்கணும், கெட்ட வருஷத்துல கொஞ்சம் துண்டு விழலாம், ஏத்த இறக்கம் எல்லாம் சேர்த்துப் பார்த்தா சரியா வரணும், வரம்பை மீறினா அதுக்குன்னே இருக்கற கணக்குல ஏறும், பின்னாடி வர்ற வருஷங்கள்ல அதை ஈடுகட்டணும். ஒளிக்க வேண்டிய கட்டாயம் அதிகம் இல்லாததால ஒளிக்கறதும் குறைவுன்னு நான் நினைக்கறேன்.

இன்னொண்ணு, கட்டுரைல விட்டுப்போனது. 1997ல அமெரிக்க செனட்ல இந்த சாசனத் திருத்தம் 66க்கு 34ன்னு, மூணுல ரெண்டு பங்குக்கு வேண்டிய 67க்கு ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சு தோத்துச்சு. அடுத்த வருஷமே, 1998ல இருந்து 2001 வரைக்கும் நாலு வருஷம் அங்க பட்ஜெட் உபரில இருந்துச்சு. தொழிலும் நல்லா ஓடிச்சு, வரியும் ஏத்தியிருந்தாங்க, செலவுக்கும் சாதாரண சட்டத்துலயே வரம்பு போட்டிருந்தாங்க, சாசனத்தைத் தொடவே இல்ல.

கட்டுரை எழுதினவர்கிட்ட ஒரே ஒரு கேள்வியை சேர்த்துடுங்க ஐயா. வருஷ நடுவுல மந்தம் வந்து வசூல் பத்துல ஒரு பங்கு விழுந்துடுச்சுன்னு வைங்க, மிச்சம் இருக்கற ஆறு மாசத்துல எந்த செலவை நிறுத்துவாங்க, பென்ஷனா, ஆஸ்பத்திரியா, அதை முடிவு பண்ணப் போறது பார்லிமென்டா கோர்ட்டா? அவர் பதிலை அடுத்த இதழ்ல போட்டீங்கன்னா நல்லா இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்