உலர்த்தி ஆலைத் தீ: மின்கசிவோடு முடிகிற செய்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தானிய உலர்த்தி ஆலையில் தீப்பிடித்தால், ‘மின்கசிவே காரணம் எனத் தெரிகிறது’ என்ற வரியோடு செய்தி முடிந்துவிடுவதைப் பல முறை படித்திருக்கிறேன். மக்காச்சோளமும் சூரியகாந்தியும் உலர்த்தும் ஆலையில் பல ஆண்டுகள் இரவு ஷிப்ட் பார்த்தவன் நான். அங்கே நேரில் கண்ட இரண்டு தீயும் ஒயரில் தொடங்கவில்லை. உலர்த்திக்குள் தேங்கிக் கிடந்த குப்பையில் தொடங்கின.

தானியத்தோடு தோலும் சருகும் சக்கைத் துண்டும் சேர்ந்தே வரும். உலர்த்திக்குள் தானியம் மேலிருந்து கீழே இடைவிடாமல் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மூலையில் சருகு அடைத்துக்கொண்டால், அங்கே மட்டும் தானியம் நின்றுவிடும். 80, 100 டிகிரி செல்சியஸ் காற்றில் மணிக்கணக்காகக் கிடந்து காயும், கருகும், கடைசியில் கனலும். சூரியகாந்தி இன்னும் பொல்லாதது. விதை முழுக்க எண்ணெய். அதன் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணிய நாரோ பஞ்சுபோல் காற்றில் பறக்கும். சுடரின் வெப்பக்காற்று நேரடியாகத் தானியத்துக்குள் போகும் உலர்த்திகளில், விசிறி இந்த நாரை உள்ளே இழுத்தால் அது பர்னரில் பட்டுப் பொறியாகித் தானியத்தில் போய் விழும். காற்றை இழுக்கும் வாயைத் தூசு பறக்கும் பக்கமாக வைத்துக் கட்டிய ஆலைகளில் இது அன்றாட ஆபத்து.

ஒரு நாள் விடியற்காலையில், வெளியேறும் காற்றில் லேசாகக் கருகல் வாடை வந்தது. வெப்பமானி ஒரு பக்கம் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் பதறிப்போய்க் கதவைத் திறக்க ஓடினார். கையைப் பிடித்து நிறுத்தினேன். திறந்திருந்தால் உள்ளே பாயும் காற்றே நெருப்பை வளர்த்திருக்கும். பர்னரை அணைத்து, விசிறிகளையும் தானிய ஓட்டத்தையும் நிறுத்தி, காற்று வழிகளை அடைத்துவிட்டுத் தீயணைப்புத் துறையை அழைத்தோம். பிறகு வெளியே எடுத்தது தேன்கூடு போல ஒட்டிக்கொண்ட ஒரு கறுப்புக் கட்டி. உடைத்தபோது உள்ளே இன்னும் சிவந்திருந்தது. நீறு பூத்த நெருப்பு என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்தக் கட்டி எங்கள் கண்ணில் படாமல், தானியத்தை மேலே தூக்கிச் செல்லும் எலிவேட்டரில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். எலிவேட்டருக்குள் எப்போதும் தூசு மிதக்கும். ஒரு கனல் போதும், அந்தத் தூசு வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் உத்தரங்களில் படிந்த தூசெல்லாம் கிளம்பி, முதல் வெடிப்பைவிடப் பெரிதாக இரண்டாவது வெடிக்கும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலும் தூசு இப்படிக் கிளம்பும். அமெரிக்காவின் தானியக் கிடங்குப் பாதுகாப்பு விதி, எலிவேட்டரைச் சுற்றியுள்ள தரை போன்ற முக்கிய இடங்களில் தூசு 3.2 மில்லிமீட்டருக்கு மேல் படிந்தால் உடனே அகற்றச் சொல்கிறது. இரண்டு நாணயங்களை அடுக்கி வைத்த உயரம்தான் அது.

வழி தெரியாமல் இல்லை. தானியத்தைச் சலித்து ஏற்றலாம். வெப்பம் மிஞ்சினால் பர்னரைத் தானே அணைக்கும் சென்சார் வைக்கலாம். புகை தெரியும் முன்பே கார்பன் மோனாக்சைடை உணரும் கருவிகளும் உண்டு. ஆனால் உலர்த்தியைக் காலிசெய்து உட்புறத்தைச் சுரண்டித் துடைப்பதற்கு இவை எதுவும் ஈடாகாது. அறுவடை நேரத்தில் லாரிகள் வரிசையில் நிற்க, துப்புரவுக்காக நிறுத்தும் நேரத்தை ‘உற்பத்தி இழப்பு’ என்று எழுதுகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும். வாடை வந்ததும் மேலதிகாரியைக் கேட்காமலே பர்னரை அணைக்கும் உரிமை இரவு ஷிப்ட் ஊழியருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தீயணைப்பான்களின் தேதியோடு துப்புரவுப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

தங்கள் செய்தியாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு விபத்து நடந்த இடத்துக்குப் போகும்போது, உலர்த்தியைக் கடைசியாக எந்தத் தேதியில் காலிசெய்து சுத்தம் செய்தார்கள் என்று கேட்டு, அந்தப் பதிலையும் செய்தியில் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
உலர்த்தி ஆலை ஊழியர் ஒருவர்