கோழிக்கூட்டுக் கதவைத் தூக்கிவிட்டவர்களுக்கு

அவிநாசிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கோழிக்கூட்டுக் கதவு பத்து நாளாகக் காலை 6 மணிக்குத் தானாகத் திறக்கிறது. தூக்குவது 9 கிராம் எடையுள்ள எஸ்ஜி90 சர்வோ, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் குட்டி மோட்டார். இதில் என் மூளை கொஞ்சம்தான், மீதி உங்களுடையது.

முதலில் காந்திபுரத்துக் கடை அண்ணாவுக்கு. இரண்டு சர்வோவில் கியர் பல் போய், பெரிய எம்ஜி996ஆர் கேட்டு வந்தவனிடம் அதை விற்றுவிட்டுப் போகாமல், "கதவு எத்தனை கிராமுங்க, எத்தனை நீளமுங்க?" என்று கேட்டீர்கள். 200 கிராம், 20 செ.மீ., கீல் மேலே. எடை கீலிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிற்பதால் கதவு படுக்கைவாட்டுக்கு வரும்போது 2 கிலோ-செ.மீ. டார்க், அதாவது திருகும் விசை, வேண்டும், இந்தச் சர்வோ 4.8 வோல்ட்டில் திணறி நின்றுபோகும் அளவே 1.8தான் என்று பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினீர்கள். கிளம்பும்போது ஜம்மென்று கிளம்பி, மேலே போகப்போக முனகிக்கொண்டு நின்றது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. சர்வோவை இயக்கும் குட்டிக் கம்ப்யூட்டர் போர்டான ஆர்டுயினோவின் 5 வோல்ட் பின்னிலிருந்தே மோட்டாருக்குக் கரண்ட் எடுத்ததற்குத் திட்டினீர்கள் பாருங்கள், அதற்கும் நன்றி. தனி பேட்டரி, கரண்ட் திடீரென்று குறையாமல் தாங்க 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், போர்டு, பேட்டரி இரண்டின் கிரவுண்டையும் (மைனஸ்) சேர்த்து ஒரு வயர், அப்புறம் போர்டு ரீசெட் ஆகவே இல்லை.

கணபதி பட்டறை அண்ணா, பழைய பிரிண்டரில் கழற்றிய 12 பல், 36 பல் கியர்களுக்கு அச்சு கடைந்து, இரண்டு பக்கமும் பேரிங் போட்டுக் கொடுத்தீர்கள், கதவின் பாரம் இப்போது சர்வோவின் அச்சில் உட்காருவதில்லை. டார்க் மூன்று மடங்கு, உராய்வில் போகிறது கொஞ்சம். சர்வோ 180 டிகிரி திரும்பினால் கதவு 60 டிகிரிதான் திறக்கிறது, பரவாயில்லை, கோழிகளுக்கு அது போதும், சேவல் மட்டும் கொண்டையைத் தாழ்த்திக்கொண்டு வெளியே வருகிறது. கூலி கேட்டதற்கு டீ மட்டும் சொன்னீர்கள்.

அப்புறம் அப்பிச்சி, அம்மாவின் அப்பா. திண்ணையிலிருந்தபடியே "கிணத்துல தண்ணி எறைக்கிற ஏத்தத்துக்குப் பின்னாடி கல்லு கட்டுவாங்கல்ல கண்ணு, அதாட்ட கட்டு" என்றார், அவ்வளவுதான். கீலைத் தாண்டிப் பின்னால் 6 செ.மீ.யில் 150 கிராம் நட்டுகளைத் தொங்கவிட்டேன், 0.9 கிலோ-செ.மீ. அப்படியே கழிந்தது. மோட்டாருக்கு இப்போது அரை கிலோ-செ.மீ. சுமைகூட இல்லை, சூடும் ஆவதில்லை.

கடைக்கும் பட்டறைக்கும் நாட்டுக்கோழி முட்டை வரும் சனிக்கிழமை வந்து சேரும். அப்பிச்சிக்கு முட்டை ஆகாது, அதனால் கதவைத் திறந்து மூடிக் காட்டினேன். "இன்னொருக்கா போடு" என்றார்.